பலரும் இரண்டையும் எடுக்கிறார்கள்

பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் போன வருடங்களில் நான் கட்டுரை எழுதிச் சம்பாதித்தேன். எழுத்தாளராக அல்ல. இணையத்தில் சத்துமாவும் எண்ணெயும் மாத்திரையும் விற்கிற கம்பெனிகளுக்காக, இரண்டு பொருட்களை அருகருகே வைத்து, எது யாருக்கு ஏற்றது என்று ஒப்பிட்டு எழுதித் தருகிற வேலை. ஆங்கிலத்தில் எழுத வேண்டும். என் பெயர் எங்கும் வராது.

அந்த வேலைக்கு நான் தகுதியானவள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. உயிர்வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, கோயம்புத்தூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் மூன்று வருடம் இருந்தவள். ரத்தம் எடுப்பேன், ஹார்மோன் பரிசோதனைகள் செய்வேன், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை பார்ப்பேன். கல்யாணமாகி நீலகிரியில் நடுவட்டத்துக்கு வந்தபோது அந்தப் படிப்புக்கு இங்கே வேலை இல்லை. மாமனாருக்கு மெயின் ரோட்டில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கடை, கடைக்குப் பின்னால் சரிவில் மூன்று ஏக்கர் தேயிலை. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். கணவர் தோட்டத்தையும், மாமனார் கடையையும் பார்த்துக்கொண்டார்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொண்டேன்.

விலை விழுந்தபோது அந்தப் பிரிவினை போய்விட்டது. கொழுந்து பறிக்க வந்த இரண்டு பெண்களையும் நிறுத்திவிட்டு நாங்களே பறித்தோம். ஃபேக்டரியில் ஒரு வாரம் எடுப்பார்கள், மறுவாரம் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்கிற செய்தி பெரும்பாலும் பறித்து முடித்து, சாக்கில் கட்டி, ரோட்டோரம் இறக்கி வைத்த பிறகுதான் வரும். அப்போது கணவர் ஜீப் பிடித்து வேறு ஃபேக்டரிகளின் வாசலில் போய் நிற்பார். கொழுந்து சூடேறிச் சிவந்துபோவதற்குள் யாராவது எடுத்துக்கொண்டால் அதிர்ஷ்டம்.

காலையில் பறிப்பேன், மதியத்துக்கு மேல் எழுதுவேன். தேயிலைக் கறை விரல் நுனியை விட்டுப் போகாது. அந்தக் கறுத்த விரல்களால்தான் அமெரிக்காவிலோ லண்டனிலோ இருக்கிற யாரோ ஒருவருக்கு எந்தப் புரதப்பொடி நல்லது என்று தட்டச்சு செய்தேன். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. எழுதி முடித்ததும் தோட்டத்தின் மேல்முனைக்கு ஏறி, அங்கே இருக்கிற பாறையில் நின்று அனுப்புவேன். மழைக்காலத்தில் லேப்டாப்பைச் சாக்குக்குள் வைத்து எடுத்துப் போவேன். அட்டை கடித்த கால்களோடு இறங்கி வருவேன். ஆனாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மறந்துபோன படிப்பு விரலுக்கு வந்துவிட்டது போல இருந்தது.

வேலை கொடுத்தவரை நான் பார்த்ததில்லை. பெங்களூரில் இருப்பதாகச் சொன்னார். தலைப்பு அனுப்புவார், நான் எழுதி அனுப்புவேன், "நன்று" என்று ஒரு சொல் வரும். ஒருநாள் அவர் அனுப்பிய தலைப்பு வழக்கமானதாக இல்லை. இரண்டு பெப்டைடுகள்: கிஸ்பெப்டின், தைமோசின் ஆல்ஃபா. ஹார்மோனுக்கும் நோய் எதிர்ப்புச் சக்திக்கும் இவற்றில் எது நல்லது என்று எழுத வேண்டும்.

பெப்டைடு என்பது புரதத்தின் சிறிய துண்டு. நம் உடம்பே ஆயிரக்கணக்கில் செய்துகொள்கிறது. இன்சுலினும் அந்த வகைதான். கிஸ்பெப்டின் மூளையில் இருந்துகொண்டு, இனப்பெருக்க ஹார்மோன்கள் எழும்புவதற்கு முதல் குரல் கொடுக்கிற பொருள். கருத்தரிப்புச் சிகிச்சையில் அது உதவுமா என்று மருத்துவர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். தைமோசின் ஆல்ஃபா, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற தைமஸ் சுரப்பியிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. எதிர்ப்புச் சக்தியின் செல்களை உசுப்பிவிடும். சில நாடுகளில் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய்க்கு மருத்துவர்கள் அதை எழுதித் தருகிறார்கள். இவ்வளவும் உண்மை. ஆனால் இணையத்தில் குப்பியில் விற்கப்படுவது அந்த மருந்தல்ல, "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று ஒட்டப்பட்ட தூள். அந்தத் தூளில் என்ன இருக்கிறது என்று பார்க்க யாரும் இல்லை.

இதை எல்லாம் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். முதலில் எழுதி அனுப்பியதில், தெரிந்தது எவ்வளவு குறைவு என்பதையும் எழுதியிருந்தேன். அது திரும்பி வந்தது. ரொம்பத் தயங்குகிறது, படிக்கிறவர் கடைசியில் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்று குறிப்பு இருந்தது. மாற்றி எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்துத் திருகவில்லை. தயக்கங்களை எடுத்ததும் கட்டுரை நன்றாக ஓடியது, அது எனக்கே பிடித்திருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து டிக் போட்ட ஒரு அட்டவணையும் வைத்தேன். முடிவில் இப்படி எழுதினேன்: உங்கள் கவலை ஹார்மோன் என்றால் முதலாவது, எதிர்ப்புச் சக்தி என்றால் இரண்டாவது. பலரும் இரண்டையும் எடுக்கிறார்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் கேட்கவில்லை. நானாக எழுதியது. அந்தப் பலரில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. வாக்கியம் அங்கே முடிந்தால் நன்றாக இருந்தது, அதனால் முடித்தேன்.

கட்டுரை வெளிவந்தபோது பக்கம் பார்க்க அழகாக இருந்தது. அதுவரை எழுதியதில் அதுதான் என் படிப்புக்கு அருகில் வந்தது. பெருமை தாங்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த இணைப்பைப் போட்டு, "இது நான் எழுதியது" என்று எழுதினேன். சித்தப்பா வீட்டுக்காரர்கள் கைதட்டல் படம் அனுப்பினார்கள். கணவர் அதை மாமனாருக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார். மாமனாருக்கு எது புரிந்ததோ தெரியாது, மறுநாள் டீ குடிக்க நிறுத்திய கூடலூர் பஸ் டிரைவர்களிடம், எங்க மருமக அமெரிக்காக்காரனுக்கு ஊசி மருந்தைப் பத்தி எழுதறாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மறுக்கத் தோன்றவில்லை.

குழுவில் பதில் போடாதவள் என் நாத்தனார் ஒருத்திதான். கணவரின் தங்கை. மலையிறங்கினால் வருகிற கூடலூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் ஒரு தேயிலை ஃபேக்டரியின் ஆபீசில் கிளார்க். அவள் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் மூன்று முறை கரு தங்கி மூன்று முறையும் நாலாம் மாதத்துக்குள் கலைந்துவிட்டது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆண்கள் இருவருக்கும் பேசத் தெரியாது. அவள் வந்தால் மாமனார் கடையிலிருந்து நேந்திரம்பழம் எடுத்து வந்து அவள் முன் வைப்பார், அவ்வளவுதான். ஒரு டாக்டர் ஹார்மோன் குறைவு என்று மாத்திரை கொடுத்தார், இன்னொரு இடத்தில் உடம்பில் எதிர்ப்புச் சக்தி சரியில்லாமல் இருக்கலாம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார்கள் என்பதை எல்லாம் நான் அறிந்திருந்தேன். அறிந்திருந்தும், ஹார்மோனையும் எதிர்ப்புச் சக்தியையும் ஒரே தலைப்பில் வைத்து எழுதியபோது அவள் ஞாபகம் எனக்கு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அன்று ஃபேக்டரி கொழுந்து வேண்டாம் என்று சொல்லியிருந்தது. கணவர் சாக்குகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். நான் மட்டும் வீட்டில் இருந்தேன். குழந்தைகளுக்குப் பால்புட்டி எடுத்துப் போகிற மாதிரி அவள் கையில் ஒரு சிறிய வெள்ளைப் பை வைத்திருந்தாள். உள்ளே ஐஸ் பாக்கெட் வைத்துச் சுற்றிய இரண்டு குப்பிகள். சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. அடியில் வெள்ளைத் தூள் கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு டப்பாவில் ஊசிகள்.

அடுப்படி மேசைமேல் அவற்றை வைத்துவிட்டு அவள் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்துப் பார்த்தேன்.

"அண்ணி, நீங்க எழுதுனத மூணு தடவ படிச்சேனுங்க. ஃபோன்லயே தமிழ்ல மாத்திக் காட்டுச்சு. எனக்கு ரெண்டும்தான் பிரச்சன, அதனால ரெண்டையும் வாங்கிட்டேன். நீங்கதான் ஊசி போடுவீங்களே, போட்டு உடுங்க."

நான் ஒரு குப்பியை எடுத்துப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அதை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். ஒரு பெயர், ஒரு மில்லிகிராம் அளவு, அதற்குக் கீழே கண்ணுக்கே தெரியாத பொடி எழுத்தில், ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில். தயாரித்தவர் முகவரி இல்லை. பேட்ச் எண் இல்லை. காலாவதி தேதி இல்லை. எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு இப்படி ஒரு குப்பி வந்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

போட மாட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். லேபிளைப் படித்துக் காட்டினேன். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. எல்லா மருந்திலும் பயமுறுத்துகிற மாதிரி ஏதாவது எழுதியிருக்கும் என்றாள். நீங்களே எழுதியிருக்கிறீர்களே, பலரும் இரண்டையும் எடுக்கிறார்கள் என்று, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லைதானே என்றாள்.

அங்கே ஒரு பொய் சொல்லி நான் தப்பித்திருக்கலாம். அமெரிக்காக்காரர்களுக்கு வேறு, நமக்கு வேறு என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்றும் திருப்தி உண்டு.

"அம்மிணி, அப்பிடி எடுத்தவங்க ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. அந்த வரியை நானா எழுதுனேன். படிக்க நல்லா இருக்கட்டும்னு எழுதுனேன்."

அவள் சிரிப்பு நின்ற விதத்தை விவரிக்க எனக்கு வராது. "உங்களுக்கு அது வேலைங்க அண்ணி. நான் அத நம்புனேன்," என்றாள். குப்பிகளை மறுபடியும் பையில் வைத்தாள். கூடலூரில் தெரிந்த நர்ஸ் ஒருவர் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டாள். மாமனார் கடையிலிருந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் மாமா என்றேன்.

கணவர் திரும்பி வந்ததும் சொன்னேன். கொழுந்தில் பாதியை மட்டும் யாரோ எடுத்துக்கொண்டு, மீதியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். சாக்கை உதறிக்கொண்டே கேட்டார். நீ வேலையைச் செய்தாய், வாங்கச் சொல்லி அவளிடம் நீ சொல்லவில்லையே என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதற்காகத்தான் சொன்னார். ஆனால் அது சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. வாங்கச் சொல்லத்தான் எழுதினேன். வேறு எதற்கு அந்தக் கட்டுரை?

சனிக்கிழமை முழுக்கப் பறிக்கப் போகவில்லை. ஒரு முழு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். ஒரு பக்கம் கிஸ்பெப்டின், இன்னொரு பக்கம் தைமோசின். இந்த முறை தமிழில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் கீழே, என்ன தெரியும், யாரிடம் சோதித்தார்கள், யார் மேற்பார்வையில் சோதித்தார்கள், என்ன தெரியாது, கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிற பெண்ணுக்கு என்ன ஆகும் என்று தெரியாது, இந்தக் குப்பிக்குள் அதுதான் இருக்கிறதா என்று தெரியாது. தெரியாது என்கிற சொல் தாளில் எத்தனை முறை வந்தது என்று நான் பார்க்கவில்லை, ஆனால் அட்டவணையில் டிக் போடுகிற அளவுக்கு ஒன்றும் தேறவில்லை. முதல்முறையே நான் இப்படித்தான் எழுதியிருந்தேன், அதைத்தான் திருத்தியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கூடலூருக்கு இறங்கினேன். பயமாக இருக்கவில்லை. சொல்ல வேண்டியது என்ன என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. அவள் கேட்காமல் போகலாம், ஆனால் நான் சொல்லாமல் விட்டதாக இருக்கக் கூடாது.

கதவைத் திறந்தது அவள் கணவர். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நாத்தனார் அடுப்படி வாசலில் நின்றபடியே இருந்தாள். நான் தாளை விரித்து, ஒரு வரி விடாமல் படித்தேன். முடிந்ததும் அவர்தான் கேட்டார்.

"அக்கா, இது வேலை செய்யாதுன்னு சொல்றீங்களா, வேலை செய்யுமான்னு தெரியாதுன்னு சொல்றீங்களா?"

நல்ல கேள்வி. எனக்கு வேலை கொடுத்தவர் ஒருநாளும் கேட்டிராத கேள்வி. தெரியாது என்றுதான் சொல்கிறேன், உள்ளே இருக்கிற தூள் என்ன என்பதே தெரியாது என்றேன்.

"தெரியாததையா அவ்வளவு தெளிவா எழுதுனீங்க?" என்றாள் அவள்.

"ஆமா அம்மிணி. எனக்குத் தெளிவா எழுத வரும். அதுதான் வந்த வினை."

அவள் உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நானும் அவள் கணவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான் அவரிடம், பழைய டாக்டர் சீட்டுகள் எல்லாம் இருக்கிறதா என்று கேட்டேன். பீரோவிலிருந்து ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்து வந்தார். ஸ்கேன் படங்கள், மாத்திரைச் சீட்டுகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் என்று ஆறு வருடம் அந்தப் பைக்குள் கலைந்து கிடந்தது. தரையில் உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்கினேன். அந்த வேலை என் கைக்குப் பழகியது.

அடுக்கி முடித்தபோது ஒன்று புரிந்தது. தைராய்டு பார்த்திருந்தார்கள், சர்க்கரை பார்த்திருந்தார்கள், ஹார்மோன்களை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்துக்குப் போனதில், மூன்று முறை கலைந்தவர்களுக்கு வழக்கமாகப் பார்க்கிற ஒரு பரிசோதனையை யாரும் செய்யவில்லை. முன்னால் இருந்தவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கலாம். ரத்தம் வேண்டாத இடத்தில் உறைவதற்குக் காரணமாகிற சில ஆன்டிபாடிகள் உடம்பில் இருக்கின்றனவா என்று பார்க்கிற பரிசோதனை அது. கோயம்புத்தூரில் அதற்கான ரத்த மாதிரிகளை என் கையால் எத்தனையோ பெண்களுக்கு எடுத்திருக்கிறேன். அப்படியிருந்தும், மூன்று முறை நாத்தனாரைப் பார்த்துவிட்டு வந்து வருத்தப்பட்டேனே தவிர, இதைச் செய்தார்களா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவர்கள் வேதனையில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். கட்டுரை எழுதியதைவிட அந்த மௌனம்தான் எனக்கு இன்றும் அதிகமாக உறுத்துகிறது.

அடுப்படிக்குப் போய் அவளிடம் சொன்னேன். இது மருந்து இல்லை, ஒரு ரத்தப் பரிசோதனை, கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் டாக்டரிடம் போவோம், அவர் செய்யச் சொன்னால் செய்வோம், அதுவரை அந்தக் குப்பியைத் திறக்காதே. அவள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாராம். மணி ஒன்பதேகால்.

"நீங்களும் கூட வர்றீங்களா?" என்று கேட்டாள்.

"வர்றேன். உள்ள வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய் ஃபோனை எடுத்து, இன்று வர வேண்டாம் என்று நர்ஸிடம் சொன்னாள். குப்பிகளை எனக்குக் கொடுக்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் வற்புறுத்தவும் இல்லை.

அந்த டாக்டருக்கு அறுபது வயது இருக்கும். நான் அடுக்கி வைத்திருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இதை யார் இப்படி வரிசைப்படுத்தியது என்று கேட்டார். பிறகு நான் நினைத்த பரிசோதனையையும், நான் நினைக்காத இன்னும் இரண்டையும் எழுதினார். பத்து நாளில் முடிவு வந்தது. அந்த ஆன்டிபாடிகள் இருந்தன. ஒருமுறை இருந்தால் போதாது, மூன்று மாதம் கழித்தும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த மூன்று மாதமும் நாத்தனார் என்னோடு போனில் மூன்று வார்த்தைக்கு மேல் பேசவில்லை. இரண்டாவது முறையும் அதே முடிவு வந்தது.

டாக்டர் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அவளுடைய எதிர்ப்புச் சக்தி பலவீனமாக இல்லை, அது தன் உடம்பையே எதிரி என்று எண்ணிக்கொள்கிறது. அதனால் கருவுக்குப் போகிற சின்ன ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்துவிடுகிறது. இதற்கு நிச்சயமான வைத்தியம் உண்டு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நெடுநாளாகக் கையாண்டு பார்த்த வைத்தியம் உண்டு, பெரும்பாலானவர்களுக்கு உதவியிருக்கிறது என்றார். நான் அந்தக் குப்பிகளைப் பற்றிக் கேட்டேன். நான் எழுதிய கட்டுரையைப் பற்றியும் சொன்னேன். நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதை நான் அங்கே சொல்வேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. "அது இவங்களுக்கு என்ன பண்ணியிருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா ஏற்கெனவே தப்பான பக்கம் வேலை செஞ்சிட்டிருக்கறத எதுக்கு உசுப்பி விடணும்?" என்றார்.

வெளியே வந்ததும் நாத்தனார் தன் கைப்பையிலிருந்து அந்த இரண்டு குப்பிகளையும் எடுத்தாள். கூடலூரிலிருந்து கொண்டுவந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. ஊசி போடுகிற அறையில் இருந்த நர்ஸிடம் கொடுத்து, இதைத் தூக்கிப் போட வேண்டும் என்றாள். நர்ஸ் லேபிளைப் பார்த்துவிட்டுக் கழிவு மருந்து போடுகிற டப்பாவில் போட்டார்.

அந்த வாரமே நான் பெங்களூர்க்காரருக்கு எழுதினேன். கட்டுரையை எடுத்துவிட வேண்டும், அல்லது நான் அனுப்புகிற திருத்தத்தைப் போட வேண்டும் என்று. முழுத் திருத்தத்தையும் எழுதி அனுப்பினேன், காசு வேண்டாம் என்றும் சொன்னேன். அந்தப் பக்கத்துக்குத்தான் அதிகம் பேர் வருகிறார்கள், அதைத் தொட முடியாது என்று பதில் வந்தது. இரண்டாவதாக எழுதியதற்குப் பதில் இல்லை. பிறகு தலைப்புகள் வருவதும் நின்றது. அந்தக் கட்டுரை இன்றும் இருக்கிறது. அதிலிருந்து வெட்டி ஒட்டிய பக்கங்கள் வேறு சில இடங்களிலும் இருக்கின்றன. என் கடைசி வாக்கியத்தை, ஒரு சொல்கூட மாறாமல், நான் கேள்விப்படாத ஒரு கடையின் பக்கத்தில் பார்த்தேன். அதை என்னால் திரும்ப எடுக்க முடியாது. என்னால் முடிந்தது, குடும்பக் குழுவில், நடுவில் கோடு போட்டுத் தமிழில் எழுதிய அந்தத் தாளைப் படமெடுத்துப் போட்டு, முன்னால் போட்டது தவறு, இதைப் படியுங்கள் என்று எழுதியதுதான். இதற்குக் கைதட்டல் வரவில்லை. ஆனால் மாமனார் மறுநாள் காலையில் கடையிலிருந்து உள்ளே வந்து, "அந்த டிரைவர்கிட்டயெல்லாம் சொல்லிட்டனுங்க, அந்த ஊசி வேண்டாம்னு நீங்களே சொல்லிட்டீங்கன்னு," என்றார். யாரும் வாங்குவதாக இல்லை என்பது வேறு விஷயம். அவர் வரையில் கணக்கை நேர் செய்துவிட்டார்.

கட்டுரை வேலை போனதற்கு நான் வருந்தவில்லை. கூடலூரில் ஒரு சின்னப் பரிசோதனைக்கூடத்தில் ஆள் தேவை என்று நாத்தனாரின் கணவர்தான் விசாரித்துச் சொன்னார். இப்போது தினமும் காலை பஸ்ஸில் இறங்கி மாலை ஏறி வருகிறேன். கொழுந்து விலை நடுவில் கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கியது. கணவர் சரிவின் கீழ்ப்பக்கத்துச் செடிகளைக் கட்டையாக வெட்டி, கவாத்து செய்து சும்மா விட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பறிக்கிறேன்.

நாத்தனாருக்கு அடுத்த வருடம் கரு தங்கியது. ரத்தம் உறையாமல் இருக்க டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியைத் தினமும் வயிற்றில் போட வேண்டும். முதல் வாரம் நான் பரிசோதனைக்கூடத்திலிருந்து அவள் வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டினேன். எட்டாவது நாள், நானே போட்டுக்கறேனுங்க, நீங்க பஸ்ஸைப் பிடிங்க என்றாள். நாலாம் மாதம் தாண்டியது. ஐந்தாம் மாதம் தாண்டியது. அதுவரை எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆறாவது மாதம் மாமனார் தானே போன் செய்து, என்ன சாப்பிடுகிறாய் என்று மகளிடம் கேட்டார். குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைதான் இருந்தாள். பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, பிறகு கொடுத்தார்கள்.

நாத்தனார் என்னை மன்னித்ததாக ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் எந்த மருந்துச் சீட்டு கைக்கு வந்தாலும் படமெடுத்து எனக்கு அனுப்புகிறாள். தெரிந்தால் தெரியும் என்று எழுதுகிறேன். தெரியாவிட்டால், எனக்குத் தெரியாது, டாக்டரிடம் கேள் என்று எழுதுகிறேன். அந்தப் பதிலைக் கொடுக்க இப்போது எனக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது முதன்முதலாக நடுவட்டத்துக்குக் கூட்டி வந்தாள். மேலே நல்ல குளிர். குல்லா, ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு போர்வை என்று சுற்றியதில் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. மாமனார் கடையில் நின்றவர்களிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி வந்து பார்த்தார். நாங்கள் உள்ளே போனதும் நாத்தனாருக்குப் பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

"இவள செத்த நேரம் பிடிங்கண்ணி, நான் சாப்பிட்டு வந்தர்றேன்," என்று குழந்தையை என் கையில் வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்த் தட்டை எடுத்தாள்.